மண்ணறியும் கைகள்

நுழையும்முன்

ஏட்டில் முழுமையாக எழுதிவைக்க இயலாத அறிவு ஒன்று உண்டு. அது கையில் தங்குவது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வது. பெற்றுக்கொள்ள ஒரு கை இல்லையெனில் அத்தலைமுறையோடு மறைந்துபோவது. பாண்டம் வனைதலும் பொம்மை செய்தலும் அத்தகைய அறிவைச் சார்ந்தவை. அவற்றை யார் கற்பிப்பது, யார் கற்பது, எவ்வாறு துய்ப்பது என்பவற்றை நெய்வேலி வட்டாரத்தை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

கரிக்கு மேல் கிடந்த மண்

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று நோக்குவோர் முதலில் காண்பது மண்ணைத்தான். செம்மண், மணற்கல், களிமண் எனப் பல அடுக்குகளை அகழ்ந்து நீக்கிய பின்னரே பழுப்பு நிலக்கரி தென்படும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள் இவ்வட்டாரத்தின் போக்கையே மாற்றியது. 1956ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படுகை எட்டப்பட்டது. அக்கரி தமிழ்நாட்டின் இல்லங்களுக்கு மின்னொளி தந்தது.

கரிக்கு மேல் கிடந்த மண்ணுக்கும் மனிதர்க்கும் உள்ள உறவு இவ்வரலாற்றினும் மிகப் பழையது. நிலத்தடியில் கரி இருப்பதை அறியாத காலத்திலும் இவ்வட்டார மக்கள் களிமண்ணை அறிந்திருந்தனர். எந்த ஏரியின் மண் பானைக்கு உரியது, எந்த மண் வெயிலில் வெடிக்கும், எதனுடன் எவ்வளவு மணல் சேர்க்க வேண்டும் என்பவற்றைக் குயவர்கள் தம் விரல்களால் அறிந்திருந்தனர்.

மண்ணின் நிறமும் கலத்தின் தன்மையும்

ஏரியிலும் வயலிலும் கிடைக்கும் களிமண்ணில் இரும்பின் கலப்பு மிகுதி. காற்றோட்டமுள்ள சூளையில் சுடும்போது அவ்விரும்பு உயிர்வளியுடன் சேர்ந்து கலத்திற்குச் செந்நிறம் தருகிறது. காற்றை அடைத்துப் புகைமூட்டத்தில் சுட்டால் அதே மண் கருநிறம் பெறும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு சிவப்புப் பானைகளில் இவ்விரு நிறங்களையும் ஒரே கலத்தில் காணலாம். சூளையின் காற்றை ஆளத் தெரிந்தவர்கள் அவற்றைச் செய்தவர்கள்.

நெய்வேலிப் பகுதியின் படிவுகளில் வெண்களிமண்ணும் உண்டு. இரும்பு குறைந்த வெண்களிமண் சுட்டபின்னும் வெளிர்நிறமாகவே இருக்கும். மிகுந்த வெப்பத்தையும் தாங்கும். பீங்கான் பொருள்களுக்கு உரியது இத்தகைய மண்ணே. அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் அமைந்துள்ளன. மின்கருவிகளுக்கான பீங்கான் பகுதிகளோடு அகல்விளக்குகளும் பொம்மைகளும் அங்கு உருவாகின்றன.

கடலூரை அடுத்த வண்டிப்பாளையமும் பண்ருட்டியும் கொலு பொம்மைகளுக்குப் பெயர்பெற்றவை. பொம்மையின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனி அச்சுகள் உண்டு. பிசைந்த களிமண்ணையோ காகிதக்கூழையோ அச்சில் சீராக அழுத்தி எடுத்து, இரு பாதிகளையும் பொருத்தி, இணைப்பு தெரியாதவாறு தேய்த்து, நிழலில் உலர்த்துவர். பின்னர் மண்பொம்மையைச் சுடுவர். இருவகைப் பொம்மைகளுக்கும் வெண்பூச்சிட்டு வண்ணம் தீட்டுவர். அச்சு எல்லாப் பொம்மைகளுக்கும் ஒரே உருவத்தைத் தரும். முகத்தின் உணர்ச்சியோ கண்ணை எழுதும் தூரிகையைப் பொறுத்தது.

கையறிவு

பானை வனைதலை நான்கு தொடர்களில் எழுதிவிடலாம். மண்ணைப் பிசைந்து திகிரியின் நடுவில் வைக்க வேண்டும். சுழலும் மண்ணில் பெருவிரலை இறக்கிக் குழிவாக்க வேண்டும். உள்ளும் புறமும் விரல்களால் பிடித்துச் சுவரை உயர்த்த வேண்டும். நூலால் அறுத்தெடுத்து, உலர்த்திச் சுட வேண்டும். இவற்றை மனப்பாடம் செய்த ஒருவர் திகிரியின்முன் அமர்ந்தால் முதற்பானை பெரும்பாலும் சரிந்துவிழும். மண் நடுவில் நில்லாமல் ஆடும். நீர் மிகுந்து சுவர் தளரும். ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் போகும்.

அருகிலிருக்கும் ஆசான் அப்போது நெடிய விளக்கம் தருவதில்லை. மாணவரின் கைமேல் தம் கையை வைத்து அழுத்துகிறார். எவ்வளவு அழுத்தம் என்பதை அக்கணத்தில் அந்தக் கை உணர்கிறது. பெருங்குடங்களைச் செய்யும்போது குயவர் கலத்தின் உட்புறம் கல்லைப் பிடித்து, வெளிப்புறம் மரத்தட்டால் தட்டித் தட்டி அடிப்பகுதியை விரித்து மூடுவர். தட்டும் ஒலியைக் கொண்டே சுவரின் கனத்தை அறிவர். அந்த ஒலி வேறுபாட்டை எந்த நூலும் எழுத்தில் தர இயலாது.

அனுபவத்தால் வந்த இவ்வறிவுக்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. நன்கு உலராத கலத்தைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி விரிந்து கலத்தை வெடிக்கச் செய்யும். அதனாலேயே தொடக்கத்தில் மென்தீ இடப்படுகிறது. ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணின் மூலக்கூறுகளோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அக்கலம் நீரில் ஊறினாலும் மீண்டும் சேறாகாது. எனினும் அதன் சுவரில் நுண்துளைகள் எஞ்சும். அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது கலத்தின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் பானைநீர் குளிர்கிறது. பானையில் நீர் அருந்தும் இன்பம் சூளைக்காரர் அளவறிந்து இட்ட தீயின் பயனாகும்.

இக்கல்வி தமிழ்நிலத்தில் தொன்மையானது. சோழன் நலங்கிள்ளியைக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 32ஆம் பாடலில் ஓர் உவமை வருகிறது. குயக்குலச் சிறுவர்கள் திகிரியில் வைத்த பச்சை மண்திரள் அவர்கள் நினைத்தவாறெல்லாம் உருப்பெறுவதுபோல், இந்நாடு அரசனின் எண்ணப்படி அமையும் என்கிறார் புலவர். அரசனின் ஆற்றலுக்கு ஒப்பாகச் சிறுவர்களின் கைத்திறனை அவர் காட்டியிருப்பது எண்ணத்தக்கது. இளமையிலேயே திகிரியின்முன் அமர்ந்த கைகள் அவை.

குலத்தின் கல்வியா, ஊரின் கல்வியா?

அச்சிறுவர்கள் குயவர் வீட்டில் பிறந்ததால் குயவராயினர். நெடுங்காலம் கைத்தொழில்கள் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தன. செய்பவர் பொருள் எல்லார்க்கும் தேவைப்பட்டது. செய்பவர்க்கு உரிய மதிப்போ கிடைக்கவில்லை. 1953ஆம் ஆண்டு முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. அதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெரியார் முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார்.

இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. குயவரின் பிள்ளை பொறியாளராகும் உரிமை மறுக்கப்படக் கூடாது. அவ்வுரிமை கிடைத்துவிட்ட இன்று புதியதொரு வினா எழுகிறது. குயவரின் பிள்ளை பொறியாளரானபின் திகிரியின்முன் அமர்வது யார்? பொறியாளரின் பிள்ளையும் விரும்பி அமரலாம் என்னும் நிலை வந்தால் மட்டுமே அக்கலை வாழும். குலத்தின் கடமையாக இருந்தது ஊரின் கல்வியாக மாற வேண்டும்.

பிற நாடுகள் இவ்வழியில் முன்னரே நடந்துள்ளன. பின்லாந்து 1866ஆம் ஆண்டிலேயே கைவினையைப் பள்ளிப் பாடமாக்கியது. ஜப்பான் 1950இல் இயற்றிய பண்பாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, அரிய கைத்திறன் உடையோர் நாட்டின் வாழும் செல்வங்களாக மதிக்கப்படுகின்றனர். நெய்வேலிக்கு அருகிலேயே சான்று உண்டு. புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தில் பயின்றோர் பலர் இன்று நாடறிந்த கலைஞர்களாக விளங்குகின்றனர். அங்குச் சேர்வதற்குக் குயவர் குடியில் பிறந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஆர்வமும் போதுமானவை.

கற்றலும் துய்த்தலும்

நெய்வேலி நகரியம் இக்கல்விக்கு ஏற்ற களம். சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பணியாளர் வந்து குடியேறினர். வட்டம் வட்டமாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட இந்நகரில் அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு ஊர்களின் கைப்பழக்கங்கள் வாழ்கின்றன. ஒரு வீட்டில் பனையோலை முடையத் தெரிந்த பாட்டி இருக்கலாம். மறுவீட்டில் துணியில் பூவேலை செய்யும் கேரளத்துப் பெண்மணி இருக்கலாம். பக்கத்து ஊரில் திகிரி சுற்றும் பெரியவர் இருக்கிறார். புத்தகக் கண்காட்சிக்குப் பெயர்பெற்ற நகரியம், நூலறிவைக் கொண்டாடுவதுபோலவே கையறிவையும் கொண்டாடலாம்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. விடுமுறைக் காலத்தில் பள்ளியின் மரநிழலும், ஈரத்துணி போர்த்திய களிமண்ணும், கற்பிக்க முன்வரும் ஒரு கைவினைஞரும் போதும். கார்த்திகைக்கு முன் அகல் செய்யக் கற்கலாம். நவராத்திரிக்கு முன் பொம்மைக்கு வண்ணம் தீட்டக் கற்கலாம். கைவினைஞரை வேடிக்கைக்காக அழைக்காமல் ஆசிரியராக அழைத்து, அவரது நேரத்திற்கு உரிய ஊதியம் அளிப்பது இன்றியமையாதது. வருவாய் தராத கலையைத் தம் பிள்ளைக்குக் கற்பிக்க எந்தப் பெற்றோரும் துணியார்.

கற்பவர் அனைவரும் கலைஞராக வேண்டும் என்பதும் இல்லை. பத்து முறை முயன்று ஓர் அகலைச் செய்து முடித்தவர், சந்தையில் அகல் வாங்கும்போது விலையைக் குறைக்கத் தயங்குவார். அதன் விளிம்பின் சீரைக் கண்டு மகிழ்வார். திரியும் எண்ணெயும் நிற்பதற்கேற்ற ஆழத்தை வியப்பார். கலையைத் துய்க்கும் கண் இவ்வாறு கையின் வழியே திறக்கிறது. அக்கண்ணுடையோர் பெருகும் ஊரில் கைவினைஞர் வறுமையால் தொழிலைக் கைவிட நேராது.

நெய்வேலியின் கரி எடுக்க எடுக்கக் குறைவது. கைத்திறன் கொடுக்கக் கொடுக்கப் பெருகுவது. அதனைக் கொடுக்க அணியமாக உள்ள கைகள் இன்னும் அருகிலேயே இருக்கின்றன. அவை ஓயுமுன் நீட்டப்பட வேண்டியவை இளைய கைகள்.

தெரியுமா?

சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் செய்யப்படும் கடம், கருநாடக இசை அரங்குகளில் தாளக்கருவியாக ஒலிக்கிறது. சமையல் பானையைவிடக் கனமான சுவர் கொண்ட அதனை உரிய சுருதிக்கு ஏற்பத் தட்டித் தட்டி உருவாக்குகின்றனர். மானாமதுரை மட்பாண்டம் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழிலில் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் கலைச்சொற்களையும் தொகுத்து வகுப்பறையில் அறிமுகம் செய்க.

2. களிமண்ணால் அகல் ஒன்றைச் செய்து பார்த்து, அப்போது பெற்ற பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'குலத்தொழிலும் கைத்தொழிற்கல்வியும் ஒன்றல்ல' என்னும் கருத்தை மையமாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.