கோடை இரவும் கட்டுவிரியனும்

பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சீராக வைத்துக்கொள்ளத் தெரியாது. சுற்றியிருக்கும் மண்ணும் காற்றும் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உடம்பும். மார்கழிக் காலையில் வரப்பில் வெயில் காயும் பாம்பு, கத்திரி வெயிலில் அப்படிக் கிடந்தால் செத்துப்போகும். அதனால் சித்திரை, வைகாசியில் பகல் முழுவதும் குளுமையான மூலையில் ஒடுங்கியிருந்து, பொழுது சாய்ந்த பிறகே இரை தேடப் புறப்படுகிறது. தண்ணீர்த் தொட்டியின் அடி, குளியலறை, ஈரம் கசியும் செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், வாழைச் சருகு என்று கிராமத்து வீட்டில் குளுமை தங்கும் இடமெல்லாம் அதற்கும் இடம்.

சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரி போன்ற ஆற்றங்கரை ஊர்களில் பயிர்க் காலமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பிசான நெல் மாசி, பங்குனிக்குள் அறுப்பாகிவிடும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரும்வரை வயல் வெடித்துக் கிடக்கும். அதுவரை வயலில் கொழுத்த எலிகள் தானியம் இருக்கும் இடம் தேடி வரும். நெல் மூட்டையும் கோழித் தீவனமும் வைக்கோல் படப்பும் வீட்டை ஒட்டித்தானே இருக்கின்றன. எலி வந்த தடத்தில் பாம்பும் வரும். நல்ல பாம்பின் முட்டைகள் பொரிவதும் கண்ணாடி விரியன் குட்டி போடுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களை ஒட்டித்தான். விரியன் ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள்கூடப் போடும். பிறந்த அன்றைய குட்டிக்கும் விஷம் உண்டு.

இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் நான்கு வகைகள். படமெடுக்கும் நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி விரியன் தடித்த உடம்பும் முதுகில் சங்கிலி போன்ற வட்டங்களும் கொண்டது. குக்கரில் ஆவி சீறுவதுபோலச் சத்தமிடும். வரப்பிலும் படப்பின் அடியிலும் அசையாமல் கிடப்பதால் மிதிபடுவது அதிகம். சுருட்டை விரியன் சிறியது, கல்லும் செம்மண்ணுமான வறண்ட நிலத்துக்குரியது. நான்காவது, கட்டுவிரியன். கோடையில் வீட்டுக்குள் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

கருநீல மினுமினுப்பும் மெல்லிய வெள்ளைக் கட்டுகளும் கொண்ட கட்டுவிரியன், பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும். இரவில் பல்லி, எலி, சிறு பாம்பு ஆகியவற்றைத் தேடி வீட்டுக்குள் நுழையும். வெக்கை தாங்காமல் திண்ணையிலும் பட்டாசலிலும் பாய் விரித்துப் படுப்பவர்களின் பக்கத்தில் அது ஊர்ந்து போகிறது. தூக்கத்தில் புரண்டு கை மேலே பட்டால் கடிக்கிறது. பல் சிறியது என்பதால் எறும்பு கடித்த அளவு வலியே இருக்கலாம், வீக்கமும் இருக்காது. கடிபட்டவர் திரும்பவும் தூங்கிவிடுவதும் உண்டு. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, நாக்குக் குழறும், கடைசியில் மூச்சு நின்றுபோகும். வயிற்றுக் கோளாறு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக் காத்திருந்த நேரத்தில் போன உயிர்கள் கொஞ்சமல்ல. தரையில் படுத்து எழுந்தவருக்கு விடியலில் வயிறு வலித்து இமையும் தொங்கினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த விஷம் நரம்பு முனைகளையே சிதைப்பது. சிதைந்த பிறகு கொடுக்கும் மருந்தால் அவற்றை உடனே சீராக்க முடியாது. நாள்கணக்கில் செயற்கைச் சுவாசம் தேவைப்படும்.

கட்டுவிரியன் கடியைத் தடுக்கும் பொருள்கள் எளியவை. ஒரு கட்டில், ஒரு கொசுவலை. வலையின் விளிம்பைப் படுக்கைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. கட்டில் இல்லாத வீட்டில் பாய்க்குமேல் வலை கட்டி, விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகினாலும் பாதுகாப்புத்தான். நேபாளத்தில் நடந்த ஆய்வு ஒன்றிலும் வலைக்குள் தூங்கியவர்களுக்குக் கடி குறைவு என்று தெரியவந்தது.

வீட்டைச் சுற்றிச் செய்ய வேண்டியவை பெரும்பாலும் எலியைக் குறிவைத்தவை. படப்பையும் விறகையும் வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போடலாம். விறகைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கலாம். எலி வளைகளையும் சுவர் வெடிப்புகளையும் அடைக்க வேண்டும். அங்கணத்துத் தண்ணீர் வெளியேறும் துவாரம் பாம்பு நுழையும் வழி என்பது பலருக்கும் தோன்றாது; அதற்குச் சிறு கண்ணி உள்ள கம்பி வலை போதும். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அடைப்பது நல்லது. இரவில் புறவாசலுக்கோ தொழுவத்துக்கோ போகும்போது டார்ச்சும் செருப்பும் வேண்டும். வைக்கோல் பிடுங்கும்போதும் கோழிக்கூட்டில் முட்டை எடுக்கும்போதும் முதலில் கம்பு, பிறகு கை. பூண்டுக் கரைசலும் வாசலில் நட்ட சிறியாநங்கையும் பாம்பைத் தடுத்ததாகச் சான்று இல்லை. அவற்றை நம்பித் துவாரத்தை அடைக்காமல் விடுவதுதான் ஆபத்து.

வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி, ஒருவர் தூரத்தில் நின்று பாம்பின்மேல் கண் வைத்திருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். அடிக்கப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளையும் காக்கிறது. சாரைப்பாம்பு விஷமற்றது, வயல் எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவுவது. வெள்ளிக்கோல் வரையனும் விஷமில்லாததுதான், ஆனால் பார்வைக்குக் கட்டுவிரியனைப் போலவே இருக்கும். வரையனுக்குக் கழுத்துப் பக்கம் கட்டுகள் தெளிவாக இருந்து வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைப்பக்கம் மங்கல். இருட்டில் இதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

கடித்துவிட்டால் கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குச் செய்வதுபோலச் சிம்பு வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்தால் அவை சதையை இறுக்கும். கயிறு போட்டு இறுக்குவதும், கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும் கேடு. பாம்பைத் தேடிப் பிடித்துவரும் அவசியமே இல்லை. அறிகுறிகளையும் இரத்தம் உறைகிறதா என்பதையும் வைத்தே மருத்துவர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். 108 வரத் தாமதமானால் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம். மூச்சுத் திணறல் இருந்தால் செயற்கைச் சுவாச வசதி உள்ள இடம் தேவை. சீவலப்பேரிப் பக்கத்துக்கு அது பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுப்பது. அந்த விஷத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்தே போகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்தபின் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பலர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் இறந்ததால் அதுவரை அரசுப் பதிவுகளில் இந்த எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் எந்த மருத்துவமனைக்குப் பாம்புக்கடி வந்தாலும் இப்போது அது கணக்கில் ஏற வேண்டும்.