ஒயிலில் பிடிக்கும் மிச்சம்

எத்தாளையிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் மற்றக் கரைகளிலும் ஏற்றி வைத்திருக்கும் பைபர் போட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வகை எஞ்சின்தான் தொங்கும். மேலே மூடி போட்ட தலை, நடுவில் நீண்ட கால், அடியில் விசிறி. அரசாங்கத் தாள்களில் இதன் பெயர் வெளியிணைப்பு இயந்திரம். 15 குதிரைவலு என்றால் ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு வாடிக்குப் போய்விடுவார். 40 என்றால் இரண்டு பேர் வேண்டும்.

கைக்காசை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கென்றே செய்ததுபோன்ற எஞ்சின் இது. மலிவான எரிபொருளான மண்ணெண்ணெயில் ஓடும், உள்ளே உறுப்புகள் குறைவு, கோளாறு வந்தால் கரையிலேயே பிரித்துப் பூட்டலாம். ஆனால் சிக்கனம் எல்லை மீறினால் முதலில் சாவதும் இதுதான். எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பது தெரிய வேண்டுமானால், இது எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு அடியில் ஒரு வெடிப்பு

மோட்டார் காரின் எஞ்சினில் பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால்தான் ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். நம் கரைகளில் அதிகம் காணும் போட் எஞ்சின் இரண்டடி எஞ்சின். ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், உடனே ஒரு வெடிப்பு. முழு வேகத்தில், பிஸ்டன் சுழற்றும் தண்டாகிய கிராங் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 83 தடவை வெடிப்பு நடக்கிறது. சிறிய உடம்பில் இவ்வளவு பலம் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்தப் பலத்துக்கு ஒரு விலை உண்டு. காரில் கிராங்குக்கு அடியில் ஒயில் தேங்கி நிற்கும். உறுப்புகள் அந்த ஒயிலால் நனைந்தபடி சுழலும். இரண்டடி எஞ்சினில் கிராங் சுழலும் அறை வழியாகத்தான் எரிபொருளும் காற்றும் கலந்து சிலிண்டருக்குப் போகின்றன. அங்கே ஒயிலைத் தேக்க வழியில்லை. ஆகவே எரிபொருளிலேயே ஒயிலைக் கலந்து விடுகிறோம். அது போகிற வழியில் கிராங் பெயரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டு, கடைசியில் தானும் எரிந்து நீலப் புகையாகப் போய்விடும். காருக்கு ஊற்றிய ஒயில் மாதக் கணக்கில் நிற்கும். இதற்கு ஊற்றும் ஒயில் ஒவ்வொரு நிமிடமும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மண்ணெண்ணெயின் கணக்கு

பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தீப்பற்றுமளவுக்கு ஆவி விடும். அதனால் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, காபரேட்டரில் பெற்றோல் நிற்கும்படி செய்வார்கள். அடுத்த முறை கயிற்றை இழுத்ததும் பிடிக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்கலாமென்று எஞ்சின் குளிராக இருக்கும்போதே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அப்போது எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். துரு பிடித்த ஆணியைத் துடைக்க வீட்டில் மண்ணெண்ணெய் எடுப்பதும் இதே குணத்துக்காகத்தான்.

மீனவர் ஒருவர் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாய்க்கு ஏறியது. புத்தளம் மாவட்டத்தின் சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்த ஆர்ப்பாட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். பத்து ஆண்டு கழித்து, நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022 ஓகஸ்டில், 87 ரூபாயாக இருந்த லீற்றர் ஒரே இரவில் 340 ரூபாயானது. 20 லீற்றர் கான் ஒன்றை நிரப்ப 1,740 ரூபாய் போதும் என்றிருந்தது, மறுநாள் காலையில் 6,800 ரூபாயாகிவிட்டது. மீன் விலையோ வலையில் விழும் மீனோ அப்படி நான்கு மடங்காகவில்லை. எங்கே குறைக்கலாம் என்று கை தேடத்தான் செய்யும்.

ஒயில் குறைந்தால் உள்ளே நடப்பது

கை முதலில் போய்ப் படும் இடம் ஒயில் போத்தல். எத்தனை பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு ஒயில் என்பது எஞ்சினோடு வரும் கையேட்டில் இருக்கும். பல மாதிரிகளுக்கு 50க்கு 1. மண்ணெண்ணெய்க்கென்று செய்த சிலவற்றுக்கும், புது எஞ்சினைப் பழக்கும் காலத்துக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். 50க்கு 1 என்றே வைத்துக்கொண்டால் 20 லீற்றர் கானுக்கு 400 மில்லிலீற்றர். அதைப் பாதியாக்கினால் கானுக்கு 200 மில்லிலீற்றர் மிச்சம்.

அந்தப் பாதி எங்கே குறைகிறது என்று பாருங்கள். பிஸ்டன் அலுமினியக் கலவை, அது ஓடும் சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். அந்த இடுக்கில் ஒயில் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. படலம் கிழிந்தால் உராய்வு கூடும்; உராய்வால் சூடு ஏறும்; சூட்டால் பிஸ்டன் இன்னும் விரியும்; இடைவெளி இன்னும் குறையும். பிறகு சில நொடிகளில் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ‘பிடித்துவிட்டது’ என்பது இதைத்தான்.

அப்படிப் பிடித்த பிஸ்டனை மெக்கானிக் கழற்றி வைத்திருக்கும்போது கையில் வாங்கிப் பாருங்கள். புகை வெளியேறும் வாசல் பக்கம்தான் மோசமாக இருக்கும், அதிகச் சூடு அங்கே என்பதால். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல்கள். அலுமினியம் உருகி இழுபட்டு ரிங்கின் பள்ளத்தை மூடியிருக்கும். நகத்தால் நெம்பினாலும் ரிங் அசையாது. சிலிண்டர் சுவரில் வெள்ளியாக அலுமினியம் அப்பிக் கிடக்கும். சுவரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போடலாம். அப்படிக் கடைய இரும்பு இருக்கும்வரைதான் அதுவும்.

ஒயிலின் அளவைக் குறைக்காமல் தரத்தைக் குறைக்கிறவர்களும் உண்டு. வாகனத்திலிருந்து கழித்த ஒயிலைக் கலப்பது அதில் ஒன்று. வாகன ஒயிலில் உலோகச் சேர்மானங்கள் உண்டு. எரிந்தால் சாம்பல் நிற்கும். அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து, கனன்று, நேரத்துக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். கடல் நீரால் குளிரும் இரண்டடி எஞ்சினுக்கென்று டிசி-டபிள்யூ3 என்று குறித்து விற்கும் ஒயில் சாம்பல் விடாதபடி செய்தது.

ஏமாற்றும் மிச்சம்

இதில் பொல்லாத விஷயம், ஒயிலைக் குறைத்த அன்றைக்கு எஞ்சின் முன்பைவிட நன்றாக ஓடுவதுதான். புகை குறையும், பிளக் கறுக்காது, கயிற்றை இழுத்தால் சட்டென ஸ்டார்ட் ஆகும். ‘இவ்வளவு நாளும் வீணாகத்தான் ஊற்றியிருக்கிறோம்’ என்று தோன்றும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறையும். மிச்சம் அன்றன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும். தேய்மானம் மூடிக்குள் கிடக்கும். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அந்தக் கதைதான்.

இன்னொரு காரணம் பங்குக் கணக்கில் இருக்கிறது. நம் கரைகளில் மீன் விற்ற காசில் எண்ணெய், ஐஸ் போன்ற அன்றைய செலவைக் கழித்துவிட்டு, மீதியைப் போட்டின் சொந்தக்காரரான சம்மாட்டியும் தொழிலாளரும் பங்கிடுவதுதான் பரவலான வழக்கம். எஞ்சின் உடைந்தால் அநேகமாகச் சம்மாட்டியின் தலையில்தான் விழும். ஆக, ஒயிலில் பிடித்த மிச்சம் போட்டில் போகிற எல்லாருக்கும் அன்றைக்கே வந்துவிடுகிறது. பிஸ்டன் பிடித்த செலவு பிறகு ஒருவருக்கு மட்டும் வருகிறது. இலாபமும் நட்டமும் வேறு வேறு மடியில் விழுந்தால், யாரும் கெட்டவராக இல்லாமலே எஞ்சின் கெட்டுப்போகும்.

சாவதற்கென்றே வைத்த உறுப்புகள்

தான் கெட்டு மற்றதைக் காப்பாற்ற வேண்டுமென்று இந்த எஞ்சினில் சில உறுப்புகளை வைத்திருக்கிறார்கள். சிறிய எஞ்சின்களில் விசிறியையும் தண்டையும் இணைப்பது மெதுவான உலோகத்தில் செய்த ஒரு சின்ன ஊசி. விசிறி பாரிலோ மரக்கட்டையிலோ அடித்தால் ஊசி முறியும், கியர் பிழைக்கும். ஊசி வாங்க மனமில்லாமல் இரும்பு ஆணியை வெட்டிச் செருகினால், அடுத்த அடிக்கு ஆணி முறியாது. கியரின் பல்தான் போகும். பெரிய எஞ்சின்களில் இந்த வேலையை விசிறிக்குள் இருக்கும் இறப்பர் புஷ் செய்கிறது.

காலில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி இன்னொன்று. உப்பு நீரில் இரண்டு உலோகங்கள் தொடர்போடு கிடந்தால் ஒன்று கரையும். துத்தநாகம் முந்திக்கொண்டு கரைவதால் அலுமினியக் கால் தப்புகிறது. கட்டி பாதி கரைந்தால் மாற்ற வேண்டும். அழகுக்கென்று அதன்மேல் பெயின்ட் அடித்தால் கட்டி கரையாது, கால் கரையும்.

எஞ்சினைக் குளிர்விப்பது வெளியிலிருந்து உறிஞ்சும் நீர். அதை மேலே தள்ளுவது காலுக்குள் இருக்கும் இறப்பர் இதழ்ச் சக்கரம். மணல் கலந்த ஆழமில்லாத நீரில் ஓட ஓட இதழ் தேயும். எஞ்சினின் பின்பக்கத்தில் ஈர்க்குபோல் பீய்ச்சும் நீர் மெலிந்தால், சக்கரம் தேய்ந்துவிட்டது அல்லது வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். புத்தளம் களப்பில் கோடையில் உப்பு கடலைவிடக் கடுமையாக ஏறும்; புத்தளத்து உப்பளங்கள் சும்மா அமையவில்லை. அந்த நீரில் ஓடிய எஞ்சினை, வந்ததும் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளே படிந்த உப்பு போகும். இதற்குக் காசுகூட வேண்டாம், அலுப்பைப் பார்க்காமல் இருந்தால் சரி.

இவற்றில் எதைத் தவறவிட்டாலும் கணக்கு மெக்கானிக்கோடு முடிவதில்லை. வாடைக் காற்றடிக்கும் மாதங்களில் மேற்குக் கரைக்கு வெளியே எஞ்சின் நின்றால், போட் ஆழ்கடல் பக்கம்தான் தள்ளப்படும். உதவிக்கு வேறொரு போட் வர வேண்டும். அதற்கும் எண்ணெய் செலவு, அன்றைய தொழிலும் போச்சு.

சிக்கனம் செய்ய வேண்டிய இடம்

மிச்சம் பிடிக்க இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்துக்காக ஓய்விண்ட் குல்பிரான்ட்சன் எழுதி 2012இல் வந்த, சிறு மீன்பிடிப் படகுகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவது பற்றிய கையேடு, வேகத்தைக் குறைப்பதைத்தான் அழுத்திச் சொல்கிறது. நீரில் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட, எரிபொருள் அதைவிடப் பலமாகக் கூடும். வேகத்தைக் கூட்டும் முறுக்கை முழுதாகத் திருகாமல் கொஞ்சம் தளர்த்தினாலே கானில் வித்தியாசம் தெரியும். போட்டின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, நசுங்கிய விசிறியைச் சரிசெய்வது, தேவையில்லாத பாரத்தைக் கரையில் விடுவது, எல்லாம் மண்ணெண்ணெயைத்தான் குறைக்கின்றன. எஞ்சினுக்கு ஒரு தீங்கும் இல்லை.

ஒயில், ஊசி, துத்தநாகம், இதழ்ச் சக்கரம் ஆகியவற்றின் செலவை அன்றாட எண்ணெய்ச் செலவோடு சேர்த்துப் பொதுக் கணக்கில் கழிக்கலாம். பழுதுக்கென்று ஒவ்வொரு தொழிலிலும் ஒரு சிறு தொகையையும் பங்கு பிரிக்குமுன் எடுத்து வைக்கலாம். அப்போது எஞ்சின் பிடித்தால் எல்லாருடைய பங்கும் குறையும். ஒயில் போத்தலைக் கையில் எடுக்கிறவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தால், அளவை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்காது.