பிக்கப் வண்டி டிராக் ரேஸில் ஜெயிக்குமா? 402 மீட்டர் சொல்லும் கணக்கு

ராஜபாளையத்தில் இருந்து அய்யனார் கோவில் போகும் ரோட்டில், மாங்காய் லோடு இறக்கிவிட்டு காலியாகத் திரும்பும் பிக்கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். லோடு இல்லையென்றால் சில டிரைவர்களுக்கு ஆக்ஸிலேட்டரில் கால் தானாக அழுந்தும். 'டார்க் அதிகம் மச்சி, காரையே தூக்கிடும்' என்ற பேச்சும் கூடவே வரும். உண்மையில் தூக்குமா?

டிராக் ரேஸ் என்றால் என்ன?

நேர்கோட்டுப் பாதையில், நின்ற இடத்தில் இருந்து கிளம்பி கால் மைல், அதாவது 402 மீட்டரை யார் முதலில் கடக்கிறார் என்பதுதான் போட்டி. 'ஸ்டாக்' என்றால் ஷோரூமில் இருந்து வந்தபடியே, எந்த மாற்றமும் செய்யாத வண்டி.

டார்க் மட்டும் போதாதா?

போதாது. டொயோட்டா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கில் 204 பி.எஸ். பவர், 500 நியூட்டன் மீட்டர் டார்க். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் எடை 2 டன்னுக்கு மேல். ஒரு டன்னுக்கு எவ்வளவு பவர் என்று வகுத்துப் பாருங்கள்: 100-ஐத் தொடாது. 82 பி.எஸ். உள்ள, ஒரு டன்னுக்கும் குறைவான மாருதி ஸ்விஃப்டுக்கும் இதே கணக்கில் கிட்டத்தட்ட 90 வந்துவிடும். வித்தியாசம் அவ்வளவுதான்! டார்க் அதிகம் கொடுத்திருப்பது லோடு இழுக்க, ரேஸ் ஓட அல்ல.

காலி வண்டிதானே வேகமாகப் போகும்?

எடை குறைவதால் கொஞ்சம் வேகம் கூடும். ஆனால் அதில்தான் சிக்கலும். இன்ஜின் முன்னால், தொட்டி பின்னால் காலி. பின் சக்கரத்தில் போதுமான எடை இல்லாததால் வேகமாகக் கிளம்பினால் சக்கரம் வழுக்கும். லோடுக்காக வைத்த பட்டை ஸ்பிரிங், காலி வண்டியைக் குழியில் துள்ள வைக்கும். அந்த நேரத்தில் பிரேக் அடித்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

பிக்கப் ஜெயித்ததே இல்லையா?

ஜெயித்திருக்கிறது. 1991-ல் ஜி.எம்.சி. சைக்ளோன் என்ற டர்போ பிக்கப், அமெரிக்காவின் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை நடத்திய கால் மைல் சோதனையில் ஃபெராரி 348-ஐ முந்தியது. காரணம், நான்கு சக்கரத்துக்கும் பவர். 2023-ல் டெஸ்லா, ஒரு போர்ஷே 911-ஐக் கட்டி இழுத்தபடியே இன்னொரு 911-ஐ சைபர்டிரக் முந்தும் வீடியோவைக் காட்டியது. கால் மைல் என்று சொல்லப்பட்டாலும், அதில் ஓடியது எட்டில் ஒரு மைல்தான் என்பது பிறகு தெரியவந்தது. ரீல்ஸ் பார்த்து நம்பும் முன் தூரத்தையும் கேளுங்கள்!

ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்?

மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, அனுமதியின்றிப் பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம்.

சட்டத்தை விடுங்கள். 60 கி.மீ. வேகம் 120 ஆனால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அய்யனார் கோவில் ரோட்டில் நடந்து வரும் பக்தர்களுக்கும், அருவிக்கு பைக்கில் வரும் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு தெரியாது. ஸ்டீயரிங் பிடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேகம் பார்க்க ஆசையா? சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. அங்கே எதிரே யாரும் வர மாட்டார்கள்.