பச்சைமலையில் 90 வோல்ட்

துறையூரிலிருந்து பச்சைமலை ஏறி, டாப் செங்காட்டுப்பட்டியைத் தாண்டிப் போனால் ஒரு பெரியவர் வீடு. பரணில் ஒரு வால்வு ரேடியோ கிடந்தது. மலைக்குக் கரண்ட் வராத காலத்தில் அவருடைய அப்பா வாங்கியது. "திருச்சி ஸ்டேசன் நல்லா எடுக்கும் தம்பி. இதுக்கான பேட்டரி கடையில வர்றது நின்னுச்சு, இதுவும் நின்னுச்சு" என்றார். பாட வைத்துக் கொடு என்று அவர் கேட்கவில்லை. நான்தான் வாயைக் கொடுத்துவிட்டேன்.

உள்ளே நாலு வால்வு: டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96. 1950களில் பேட்டரி ரேடியோவுக்கென்றே வந்த வரிசை. இவற்றின் ஃபிலமென்ட்டுக்கு 1.4 வோல்ட் போதும். நாலுக்கும் சேர்த்து 125 மில்லி ஆம்பியர். ஆனால் மேலே பிளேட்டுக்கு 90 வோல்ட் வேண்டும், அதுவும் 10 மில்லி ஆம்பியர்தான். கணக்குப் பார்த்தால் ஒரு வாட்கூட இல்லை. அந்த ஒரு வாட்டைக் கொடுக்கும் 90 வோல்ட் உலர் பேட்டரிதான் இன்று கடையில் இல்லாதது.

ஒன்பது வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோர்த்தாலும் 90 வரும். சோதனைக்கு அப்படித்தான் செய்தேன். அதற்கு முன்னால் டிஎல்96-இன் கிரிட்டுக்குப் போகும் பழைய காகிதக் கண்டன்சரை மாற்றினேன். அது கசிந்தால் வால்வு போய்விடும், வால்வு போனால் தேடி அலைய வேண்டும். ரேடியோ பாடியது. ஆனால் தினம் கேட்டால் பத்து பேட்டரியும் சில வாரத்தில் காலி. பெரியவர் வீட்டில் இப்போது கரண்ட் இருக்கிறது, அடிக்கடி போவதால் சோலார் விளக்கும் 12 வோல்ட் பேட்டரியும் இருக்கின்றன. 12-ஐ 90 ஆக்கிவிட்டால் கவலை இல்லை.

நூறு ரூபாய் சொச்சத்துக்கு எல்எம்2577 சிப் வைத்த பூஸ்ட் கன்வெர்ட்டர் போர்டு கிடைக்கிறது. வேலை செய்யும் விதம் எளிது. ஒரு காயிலில் மின்னோட்டத்தை ஏற்றி, சட்டென்று அறுத்தால், காயில் அதை விடாமல் தள்ளப் பார்க்கும். அப்போது எழும் உயர் வோல்ட்டை டயோடு வழியாக ஒரு கண்டன்சரில் சேர்த்துக்கொள்கிறோம். சிப் இதை நொடிக்குச் சுமார் 52,000 தடவை செய்கிறது. ஆனால் அதன் உள் ஸ்விட்ச் தாங்குவது 65 வோல்ட், போர்டில் உள்ள கண்டன்சர் தாங்குவது 35. நேராக 90 கேட்டால் புகைதான் வரும்.

அதனால் போர்டை 30 வோல்ட்டில் நிறுத்தி, அதன் மேல் இரண்டு மாடி கட்டினேன். ஸ்விட்ச் கால் 0-க்கும் 30-க்கும் இடையே குதித்துக்கொண்டே இருக்கிறது அல்லவா, அந்தக் குதிப்பை ஒரு கண்டன்சர் வழியாக எடுத்து, இரண்டு டயோடு போட்டு, இருக்கிற 30-இன் தலைமேல் இன்னொரு 30 ஏற்றலாம். இன்னொரு முறை செய்தால் 90. மொத்தம் நாலு டயோடு, நாலு கண்டன்சர். டயோடு வேகமானதாக இருக்க வேண்டும்: யுஎஃப்4007 சரி, எல்லோர் வீட்டு டப்பாவிலும் கிடக்கும் 1என்4007 இந்த வேகத்துக்கு ஆகாது. புது போர்டின் நீல நிற பிரிசெட்டைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினாலும் சில சமயம் எதுவும் மாறாது, பிறகு திடீரென்று ஏறும். ரேடியோவை இணைக்கும் முன்பே மீட்டர் வைத்துச் சரிசெய்துவிட வேண்டும். 90 வோல்ட் கையில் அடித்தால் நன்றாகவே அடிக்கும்.

அடுத்ததாக ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஃபிலமென்ட்டுக்கும் அதே 12 வோல்ட்டிலிருந்து இன்னொரு மலிவு போர்டு வைத்து 1.4 எடுத்தேன். ரேடியோ தொண்டை கட்டியதுபோலப் பாடியது. 10 மில்லி ஆம்பியர் இருபதைத் தாண்டியது. பதறி நிறுத்தினேன். பழைய பேட்டரி செட்களில் 90 வோல்ட்டின் மைனஸும் ஃபிலமென்ட்டின் மைனஸும் ஒன்றல்ல. நடுவே ஐந்நூறு ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மொத்த மின்னோட்டமும் அதன் வழியே போவதால் 5 வோல்ட் விழும். டிஎல்96-இன் கிரிட்டை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்ட் அதுதான். நான் இரண்டையும் ஒரே பேட்டரியில் இணைத்து அந்த ரெசிஸ்டரை ஷார்ட் செய்துவிட்டிருந்தேன். ஃபிலமென்ட்டுக்குத் தனியாக ஒரு பெரிய டார்ச் செல் போட்டதும் எல்லாம் சரியானது. இணையத்தில் கிடைக்கும் பல வரைபடங்களில் இந்த எச்சரிக்கை இல்லை.

இனிதான் உண்மையான தலைவலி. ஸ்ரீரங்கத்தில் என் மேசையில் திருச்சியைத் திருப்பினால் பாட்டின் மேல் ஒரு விசில். வேறு இடங்களில் அவ்வளவு இல்லை, திருச்சியில் மட்டும் உயிரை எடுத்தது. காகிதத்தில் கணக்குப் போட்டதும் சிரிப்பு வந்தது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். கன்வெர்ட்டர் 52 கிலோஹெர்ட்ஸ். 52-ஐ 18-ஆல் பெருக்கிப் பாருங்கள். அறுத்து அறுத்து ஓடும் எந்த மின்னோட்டமும் தன் மடங்குகளிலெல்லாம் கொஞ்சம் ஒலிபரப்பும். இதன் பதினெட்டாவது மடங்கு சரியாக நம்மூர் நிலையத்தின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. சிப் சூடாகி 100 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே விசில் 1,800 ஹெர்ட்ஸ் நகரும். அதனால்தான் அது ஒரு சுதியில் நிற்காமல் ஊளையிட்டது.

இது புதுப் பிரச்சினை அல்ல. கார் பேட்டரியில் ஓடிய அந்தக் கால வால்வு செட்களில் வைப்ரேட்டர் என்று ஒன்று இருந்தது: நொடிக்கு நூறு தடவை அளவில் துடித்து மின்னோட்டத்தை அறுக்கும் உலோக நாக்கு. அதுவும் இரைச்சல் போட்டது. தகர உறை, சோக், கண்டன்சர் என்று அடக்கினார்கள். நானும் அதையே செய்தேன். போர்டை ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, 90 வோல்ட் வெளியேறும் இடத்தில் 1 மில்லி ஹென்றி சோக்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் போட்டேன். விசில் பாதிதான் குறைந்தது. 12 வோல்ட் உள்ளே வரும் வயரிலும் அதே ஜோடியைப் போட்ட பிறகுதான் அடங்கியது. உள்ளே வரும் வயர் வெளியே அனுப்பும் ஏரியலாகவும் இருக்கிறது என்பது எனக்கு உறைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

1939 மே 16-இல் தொடங்கிய நிலையம் திருச்சி. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியாவின் பங்காக இருந்த ஆறு வானொலி நிலையங்களில் ஒன்று. அதைக் கேட்கத்தான் அந்தப் பெட்டி மலையேறியிருக்கிறது. அந்த ஒரு இடத்தில் விசிலோடு கொடுத்துவிட்டு வர மனம் வரவில்லை.

சாயங்காலம் மலையில் டப்பாவை சோலார் பேட்டரியில் இணைத்துத் திருப்பினேன். கரகர. ஊரில் சுத்தமாக இருந்தது! டப்பாவைத் தட்டினேன், ஏரியல் வயரை மாற்றினேன், பெரியவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மருமகள் அடுப்படிக்குப் போகிற வழியில் எல்இடி விளக்கை அணைத்தார். சத்தம் நின்றது. விளக்குக்குள்ளும் ஒரு குட்டி கன்வெர்ட்டர், அதே பேட்டரியில்.

நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு வயரிலும் ஒரு சோக் போட்டால் சரியாகிவிடும், அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. லைட்ட அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.