தேகப்பயிற்சியும் மீண்டும் தொடங்கும் உறுதியும்

தேகப்பயிற்சியின் நன்மையை அறியாதார் மாணவருள் ஒருவருமிலர். அதனைத் தொடங்கினாரும் பலர். தொடர்ந்தாரோ மிகச் சிலர். இதற்குச் சோம்பலே காரணமென்று பெரியோர் கடிந்துரைப்பதுண்டு. ஆராய்ந்து நோக்குமிடத்து அது முழுவதும் உண்மையன்று. பரீட்சையோ, காய்ச்சலோ, காற்சுளுக்கோ, அடைமழையோ குறுக்கிட்டுப் பத்து நாள் பயிற்சி நின்றுவிடுகின்றது. பதினோராம் நாள், ‘விட்டது விட்டதுதான், இனித் தை பிறக்கட்டும்’ என்று மனம் தளர்கின்றது. ஆகவே பயிற்சியைக் கெடுப்பது இடையூறன்று. இடையூறு நீங்கிய பின்னும் மீளாமையே என்போம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகள் பல உள. அங்கே கண்ணியொன்று அறுந்துபோனால் கொலுசு முழுவதையும் உருக்கிவிடுவாரில்லை. அறுந்த இடத்திலே பொடிவைத்து ஊதிப் பற்றவைத்து, மேல்வேலையைத் தொடர்வர். பயிற்சிக்கும் இம்முறையே ஏற்றது.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிற் பிறந்த மாரியப்பன் தங்கவேலு அவர்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஐந்தாம் வயதிலே பேருந்து ஏறியதால் அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. அவர் 2016ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றதை யாவரும் அறிவர். அதன் பின்னர் நிகழ்ந்தனவே நாம் ஊன்றி நோக்கத்தக்கன. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் அவர் தாண்டியது 1.67 மீட்டரே, இடமும் மூன்றாவதே. மறு ஆண்டு துபாயில் 1.80 மீட்டர். 2021இல் தோக்கியோ சென்றபோது, நம் நாட்டுக் கொடியை ஏந்திச் செல்லும் பேறு அவருக்கு வாய்த்திருந்தது. ஆயினும் விமானத்தில் நோய்த்தொற்றுடைய ஒருவர் அருகே இருந்தமையால் தனித்திருக்க நேர்ந்து, அப்பேற்றை இழந்தார். போட்டி நாளிலோ மழை. எனினும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளிப்பதக்கம் கொணர்ந்தார். 2024இல் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலகப் பட்டமும், அவ்வாண்டே பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார். இப்பின்னைப் போட்டிகளுள் ஒன்றிலேனும் பழைய 1.89ஐ அவர் எட்டினாரில்லை. ஆயினும் அது காரணமாகக் களத்தை விட்டு நீங்கினாருமில்லை. மூன்று பாராலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம் பெற்றமைக்கு அதுவே அடிப்படை.

உடலியலும் நமக்குத் தைரியம் கூறுகின்றது. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களில் மூச்சின் ஆற்றல் குறையத் தொடங்கும் என்பது மெய்யே. தசையின் வலிமையோ அதனினும் மெல்லவே குறையும். முன்னர்ப் பயின்ற உடல், புதிதாய்ப் பயிலும் உடலினும் விரைவில் பழைய நிலையை அடையும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர் 96 பேரைக்கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒரு செயல் வழக்கமாய் வேரூன்ற நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் இக்காலம் மிகவும் வேறுபட்டது. இடையே ஒருமுறை தவறியதால் அவ்வழக்கத்திற்குப் பெருங்கேடு விளையவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020இல், வளர்ந்தோர்க்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பை வாரக்கணக்காகவே விதித்தது. ஆகவே செவ்வாயன்று தவறியதை வியாழனன்று ஈடுசெய்யலாம்.

இனிச் செயல்முறையைச் சிறிது கூறுவோம். பயிற்சிக்குக் குறித்த வேளையை மாற்றலாகாது. முப்பது நிமிடம் இயலாத நாளிற் பத்து நிமிடமேனும் அவ்வேளையைக் காத்தல் வேண்டும். மழை பெய்தால் ஓட்டத்தை விட்டுத் திண்ணையிலேயே தண்டாலும் பஸ்கியும் எடுக்கலாம். காலில் நோவிருப்பின், மருத்துவர் இசைவு பெற்றுக் கைகளுக்கு வேலை கொடுக்கலாம். காய்ச்சலாயின் முழு ஓய்வே மருந்து. நலமடைந்து மீளும் முதல் வாரத்தில் பழைய அளவிற் பாதியே போதும். விட்ட நாட்களையெல்லாம் ஒரே நாளில் ஈடுசெய்ய முனைபவர் புதிய சுளுக்கோடு மறுபடியும் படுக்கையை அடைவர்.

மாணவ நண்பர்களே! இளமையில் உடலைப் பேணுதல், பின்னாளிற் குடும்பத்திற்கும் ஊருக்கும் உழைக்கச் சேர்த்துவைக்கும் முதலாகும். எத்தனை நாள் இடைவிடாது பயின்றோம் என்று எண்ணி இறுமாப்பதினும், எத்தனை முறை நின்றும் மீண்டு தொடங்கினோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. நேற்றுவரை விட்டிருப்பினும், நாளைக் காலை ஐந்தரை மணி நம் அனைவர்க்கும் பொதுவே.