புலப்படாத சிறுநீர்ப்பை: இடுப்புப் பகுதிப் பிறவிப் பிறழ்வுகளின் கருக்கால அறிகுறிகளும் அறுவை மருத்துவமும்

கருவின் அடிவயிற்றுச் சுவர் நடுக்கோட்டில் இணையாமற்போக, சிறுநீர்ப்பை உடலுக்கு வெளியே விரிந்து கிடக்கும் நிலையை மருத்துவர்கள் ‘பிளாடர் எக்ஸ்ட்ரோபி’ என்பர். ஏறத்தாழ 30,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவினது. குடலும் உடன் வெளிப்படும் ‘குளோயகல் எக்ஸ்ட்ரோபி’ அதனினும் அரிது.

பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரைச் சிற்றூரில் வாழும் தாய்க்கு, 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் ஸ்கேனே இதனை அறியும் முதன்மை வாய்ப்பாகும். கருவின் சிறுநீர்ப்பை நிரம்பியும் வடிந்தும் வருவது. ஒருமுறை காணாததால் ஐயுறல் கூடாது. சற்றுப் பொறுத்து மீண்டும் பார்த்தும் அது புலப்படாமல், பனிக்குட நீரும் சிறுநீரகங்களும் இயல்பாக இருந்தால் ஐயம் வலுப்பெறும். நீரும் குறைந்திருப்பின் சிறுநீரகக் குறைபாட்டையே முதலில் கருத வேண்டும். தொப்புள்கொடி தாழ்ந்து இணைந்திருத்தல், அதன்கீழ் சிறு புடைப்பு, அகன்ற முன்னிடுப்பெலும்புகள் ஆகியன துணை அறிகுறிகள். பிறப்புறுப்பின் மாற்றமும் ஓர் அறிகுறியே. ஆயினும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலை எவருக்கும் தெரிவிப்பதைத் தடுக்கிறது. ஆதலால், பாலைச் சுட்டாத சிறுநீர்ப்பை அறிகுறியே இங்குப் பெரிதும் பயன்படத்தக்கது.

முன்னரே அறிந்தால் குழந்தை அறுவை மருத்துவர் உள்ள நகரில் மகப்பேற்றைத் திட்டமிடலாம். அறியாது பிறப்பினும் முதலுதவி எளிதே: கொடியை நெகிழிக் கவ்வியால் அன்றி நூலால் கட்டி, வெளிப்பட்ட பையை ஒட்டாத ஒளிபுகு நெகிழித்தாளால் மூடி அனுப்புதல். உலர்ந்த துணி மென்படலத்தைச் சிதைத்துவிடும்.

பையை மூடுதல், இடுப்பெலும்பை வெட்டி நெருக்குதல், சிறுநீரை அடக்கும் திறனை அமைத்தல் என அறுவை பல ஆண்டுகள் நீளும். அகமதாபாத் அரசு மருத்துவமனையில் 2009 முதல் பன்னாட்டு அறுவை மருத்துவர்கள் கூடி இத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து வருகின்றனர்.

பால் நிர்ணயமே கடினமான பகுதி. குளோயகல் எக்ஸ்ட்ரோபியுடன் பிறந்த ஆண் குழந்தைகளைப் பெண்ணாக மாற்றி வளர்த்தல் முன்னர் வழக்கமாயிருந்தது. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அவ்வாறு மாற்றப்பட்ட 14 பேரில் 8 பேர் தம்மை ஆணென அறிவித்தனர். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்குப் பால்சீரமைப்பு அறுவை செய்வதைத் தடைசெய்யப் பணித்தது. தமிழக அரசும் அவ்வாண்டே, உயிர்க்கு இடர் நேரும் நிலை நீங்கலாக, ஆணையிட்டது. பையை மூடும் அறுவை இவ்வகையுள் அடங்காது. குழந்தையின் பாலை முடிவுசெய்யும் அறுவையே காத்திருக்க வேண்டியது.