மடக்கு ஏணி வாங்கலாமா?

நவராத்திரி நெருங்கினால் நம்மவர் வீடுகளில் ஒரு சர்க்கஸ் தொடங்கிவிடும். கொலு பொம்மைப் பெட்டிகள் பரணில் இருக்கும். பரண் என்றால் இங்கே மும்பைப் பக்கத்து ஃபிளாட்டுகளில் பாத்ரூமுக்கு மேலேயோ சமையலறை வாசலுக்கு மேலேயோ ஏழடி உயரத்தில் ஒரு சிமெண்டுப் பலகை. அதை எட்டுவதற்கு முதலில் திவானை இழுத்துப் போடுவார்கள். திவான்மேல் பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல்மேல் வீட்டு எஜமானரோ எஜமானியோ. கீழே நிற்பவர், "பார்த்து, பார்த்து!" என்று சொல்லிக் கொண்டிருப்பார். பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்!

எங்கள் சொசைட்டியில் பி விங்கில் உள்ள ஒரு மாமி, வயது அறுபதைத் தாண்டியவர், இப்படி ஏறித்தான் விழுந்தார். உயரம் என்று பார்த்தால் மூன்றடிகூட இராது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கவே நாலு மாதம் ஆயிற்று. பிள்ளை பெங்களூரில், பெண் வெளிநாட்டில். அந்த நாலு மாதமும் மாமாவே சமைத்து, மாமாவே துணி உலர்த்தி... மூன்றடி விழுந்ததற்கு இரண்டு பேருடைய வாழ்க்கையும் புரண்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த சொசைட்டி மீட்டிங்கில், பொதுவில் ஓர் ஏணி வாங்கலாம் என்று பேச்சு வந்தது. "ஸார்தான் ரயில்வேல ஓவர்ஹெட் லைன்ல இருந்தவராச்சே, அவரே பார்த்து வாங்கட்டும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அந்தச் சாக்கில் நான் பார்த்து, அளந்து, ஏற்றி இறக்கித் தெரிந்து கொண்டவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

இப்போது கடைகளில் அதிகமாகக் கண்ணில் படுவது பல நிலைகளில் நிற்கக் கூடிய மடக்கு ஏணி. நாலு துண்டுகள், அவற்றை இணைக்க மூன்று இடங்களில் ஜோடி ஜோடியாக ஆறு கீல்கள். எல்லாவற்றையும் நிமிர்த்தினால் சுவரில் சாய்க்கும் நீள ஏணி. நடுக்கீலை மட்டும் மடித்தால் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கும்; நம் பெயிண்டர்கள் 'கோடா' என்கிறார்களே, அது. நடுவை நிமிர்த்தி ஓரங்களை மடித்தால் 'ப' எழுத்தைக் கவிழ்த்தது போல ஒரு மேடை. மேல்துண்டை மட்டும் மடித்து, சுவரிலிருந்து ஏணியை எட்டத் தள்ளி நிறுத்துகிற நிலையும் உண்டு. அது தனி வீட்டுக் கூரை வேலைக்கு. ஃபிளாட்டில் நமக்கு வேலையில்லை.

முதலில் ஒரு விஷயத்தைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறேன். பரணும் ஃபேனும் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இந்த மடக்கு ஏணி வேண்டாம். ஐந்து படியுள்ள, மேலே பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த, சாதாரண வீட்டு ஏணி போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஃபிளாட்டில் கூரை ஒன்பதரை அடி. ஐந்தரை அடி ஆள் கையை உயர்த்தினால் ஏழடி எட்டுவார். ஆக, கால் மூன்றடி உயரத்தில் இருந்தால் கூரையையே தொடலாம். அதற்கு எதற்கு பன்னிரண்டு படி? சொந்தமாக மாடித் தண்ணீர்த் தொட்டி உள்ளவர்கள், தாமே சுவருக்கு வர்ணம் அடிப்பவர்கள், ஒரே ஏணியைப் பல வீடுகள் பகிர்ந்து கொள்பவர்கள், இவர்களுக்குத்தான் இது லாபம். எங்கள் சொசைட்டி மூன்றாவது வகை.

இதில் இரண்டு அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். துண்டுக்கு மூன்று படி வீதம் பன்னிரண்டு படி. துண்டுக்கு நாலு வீதம் பதினாறு. பெரிது வாங்கினால் எதற்கும் உதவுமே என்றுதான் மனம் போகும். போக விடாதீர்கள். பன்னிரண்டு படி ஏணியே நிமிர்த்தினால் பதினோரு அடிக்கு மேல் வரும், மடித்தால் மூன்றடியில் அடங்கும், லிஃப்டில் நிற்கும். எடை பதின்மூன்று, பதினாலு கிலோ இருக்கும். பதினாறு படியானால் மேலும் மூன்று நாலு கிலோ கூடும், மடித்த நீளமும் ஓரடி கூடும். அறைக்குள் அதை நிமிர்த்தித் திருப்பும்போது ட்யூப்லைட்டோ ஷோகேஸ் கண்ணாடியோ போவது நிச்சயம்.

அடுத்து, சுமை. ஏணியின் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். சீட்டே இல்லாத ஏணியை வாங்காதீர்கள். ஈ.என். 131 என்ற ஐரோப்பியத் தரப்படி அது 150 கிலோ தாங்க வேண்டும். அமெரிக்க முறையில் ஐந்து வகுப்புகள்; 200 பவுண்டில் ஆரம்பித்து 375 பவுண்டு வரை, அதாவது 90 கிலோவிலிருந்து 170 கிலோ வரை. இந்தக் கணக்கு ஆளின் எடை மட்டுமல்ல; ஆள், செருப்பு, கையிலுள்ள டிரில் மெஷின், தூக்கிக்கொண்டு இறங்கும் பெட்டி, எல்லாம் சேர்த்து. எண்பது கிலோ ஆள் பதினைந்து கிலோ பொம்மைப் பெட்டியோடு இறங்கினால் 90 கிலோ ஏணி போதாது. அதோடு, மேடை நிலைக்கு அனுமதித்த சுமை பல ஏணிகளில் இதைவிடக் குறைவு. அதே சீட்டில் வேறு வரியில் போட்டிருப்பார்கள்.

நாக்தேவி தெருவில் ஒரு கடையில், "இதைப் பிரித்துக் காட்டுங்கள்" என்றேன். "சாப், கோல்கே க்யா தேக்னா, சப் ஏக் ஹீ ஹை" என்றார் கடைக்காரர். பிரித்து என்ன பார்க்கப் போகிறீர்கள், எல்லாம் ஒன்றுதான் என்கிறார்! எல்லாம் ஒன்றல்ல. நான் வற்புறுத்திப் பிரிக்கச் சொன்னேன். ஒரு படியைக் கையால் முறுக்கினால் சட்டத்துக்குள் அது லேசாகச் சுழன்றது. புது ஏணியிலேயே சுழலும் படி, ஆறு மாதத்தில் ஆடும் படி. அடுத்த கடைக்கு நடந்தேன்.

பிரித்தவுடன் பார்க்க வேண்டியவை: படியின்மேல் வரிவரியாகச் சொரசொரப்பு இருக்கிறதா, கால் ரப்பர் கழன்றால் மாற்றக் கிடைக்குமா, இரு முனைகளிலும் ஏணியைவிட அகலமான குறுக்குத் தாங்கி இருக்கிறதா. மூன்று மீட்டருக்கு மேல் நீளமுள்ள சாய்ப்பு ஏணிக்கு அடியில் இப்படி அகலத் தாங்கி வேண்டும் என்பதை ஐரோப்பாவில் 2018 முதல் அமலாக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் சாய்வதைத் தடுப்பது அதுதான்.

ஆனால் இந்த ஏணியின் உயிர் படியிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, கீலில் இருக்கிறது. ஒவ்வொரு கீலுக்குள்ளும் பள்ளங்கள் வெட்டிய ஒரு வட்டத் தகடு உண்டு. ஸ்பிரிங் தள்ளும் ஒரு முளை அந்தப் பள்ளத்தில் போய் விழும்போது 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும். விழுந்தால் பூட்டு. பாதி விழுந்தால், பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும், ஏணியும் நிற்கும், நீங்கள் நாலாவது படிக்குப் போய் உடம்பைத் திருப்பும்போது மடங்கும். சாதாரண ஏணிக்கு இல்லாத ஆபத்து இது.

அதனால் எங்கள் சொசைட்டியில் ஒரு விதி வைத்தேன். ரயில் ஓடும்போது டிரைவரும் உதவி டிரைவரும் எதிரே வரும் சிக்னலைத் தனித்தனியே பார்த்து, ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக் கொள்வார்கள். இருவருக்கும் கண் நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும். அதே முறைதான் இங்கும். ஏணியைத் தரையில் படுக்கவைத்தே பிரிக்க வேண்டும், நிறுத்திக்கொண்டு பிரிக்கவே கூடாது. பிரிப்பவர் ஒவ்வொரு கீலையும் தொட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று ஆறு வரை எண்ண வேண்டும். இன்னொருவர் மறுபடி தொட்டு எண்ண வேண்டும். பி விங் மாமாவும் அவர் பக்கத்து வீட்டுப் பையனும் முதல் தடவை இதைச் செய்தபோது, "அஞ்சுதான் மாமா பூட்டியிருக்கு, ஆறாவது ஆடறது" என்றான் பையன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முளை பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது!

மடிக்கும்போது வேறு ஆபத்து, விரலுக்கு. கீல் நெம்பை விடுவித்ததும் இரண்டு சட்டங்களும் கத்தரி போலச் சேரும். கையைக் கீலிலிருந்து ஓரடி தள்ளி, சட்டத்தின் வெளிப்பக்கம் பிடிக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

இனி நிறுத்தும் விதம். சுவரில் சாய்க்கும்போது நாலுக்கு ஒன்று என்பது கணக்கு. ஏணி சுவரைத் தொடும் இடம் பன்னிரண்டடி உயரமானால், அடி சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். டேப் இல்லையா? ஏணியின் காலில் உங்கள் கால் விரல் படும்படி நேராக நின்று, கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டுங்கள். உள்ளங்கை படியைத் தொட்டால் சாய்வு சரி. மொட்டைமாடிக்கோ தொட்டி மேடைக்கோ ஏறுவதானால், ஏணி அந்த விளிம்புக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும். இறங்குகிறவர் பிடிக்க ஒன்றும் இல்லாமல் காலால் படியைத் தேடுகிற அந்தக் கணம்தான் மோசமானது. கோடா நிலையில் உச்சியில் இருக்கும் கீல்மேல் உட்காருவதோ, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் தாண்டுவதோ கூடவே கூடாது. பளபளவென்ற டைல்ஸ் தரையில் தண்ணீர்ச் சொட்டு இருந்தால் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். அடியில் நியூஸ்பேப்பர் விரிக்கும் நல்ல எண்ணக்காரர்கள் இருக்கிறார்கள். தரை கீறாது, ஆள் சறுக்குவார்!

மேடை நிலைக்குப் பலகை அவசியம். சில ஏணிகளோடு இரண்டு தகடுகள் சேர்த்தே தருகிறார்கள், சிலவற்றுக்குத் தனியே வாங்க வேண்டும். வெறும் படிகள்மேல் நின்று வர்ணம் அடித்தால் ஒரு கால் நடுவில் இறங்கிவிடும். இதையே கொலுப்படி ஆக்க முடியாதா என்று ஒரு மாமி கேட்டார். முடியாது மாமி, செட்டியார் பொம்மைகூட உட்காராத அகலம் அது.

மின்சாரம் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மும்பைப் புறநகர் ரயில் 1925-இல் தொடங்கி ஓடியது 1,500 வோல்ட் டி.சி.யில். பகுதி பகுதியாக மாற்றி, 2016-இல் ஹார்பர் வழியும் மாறியதோடு எல்லாம் 25,000 வோல்ட் ஏ.சி. ஆயிற்று. அந்தக் கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் மனிதனோ அவன் கையிலுள்ள பொருளோ போகக் கூடாது என்பது எங்களுக்கு வேதம். போக வேண்டுமானால் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, எழுத்தில் அனுமதி கையில் வந்த பிறகுதான். வீட்டில் 230 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். அலுமினியம் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். ஏணியில் நிற்பவனுக்கு லேசான ஷாக் போதும், மிச்சத்தை விழுகிற விழுகை பார்த்துக் கொள்ளும். ஃபேனைத் தொடுவதானால் சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய கட்டிடங்களில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. ஃபேன் நின்றிருக்கும், உள்ளே பேஸ் உயிரோடிருக்கும். மெயினையே இறக்கி, அதன்மேல் ஒரு டேப் ஒட்டி, 'ஆள் ஏணியில்' என்று எழுதிவிடுங்கள். பால்கனிக்கு அருகே கம்பி போகிற கட்டிடங்களில் நிமிர்த்திய ஏணியை வெளியே நீட்டவே நீட்டாதீர்கள். மின்சார வேலையே பிரதானம் என்றால் ஃபைபர்கிளாஸ் சட்டமுள்ள ஏணி இருக்கிறது. கனம் அதிகம், ஆனால் அதுதான் சரி.

யார் ஏறுவது? தலையை அண்ணாந்தால் கிறுகிறுப்பு வருபவர், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை மாற்றிக்கொண்டிருப்பவர், ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர், இவர்கள் ஏற வேண்டாம். எனக்கு 66 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் ஏணியோடு வாழ்ந்தவன். இப்போது என் வேலை ஏணியைப் பிடிப்பதும் கீல் எண்ணுவதும் மட்டுமே. பிள்ளைகள் ஊரில் இல்லாத வீடுகளுக்கு ஏற ஆள் வேண்டுமே என்பதால், ஏறத் தயாரான இளைஞர்கள் மூவரின் பெயரை ஏணி நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு போன் செய்தால் வருகிறார்கள், ஒரு டம்ளர் காபியோடு போகிறார்கள்.

ஏணி இப்போது படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. திறந்த இடத்தில் விட்டால் முதல் மாடி பால்கனிக்குத் திருடனுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்ததாகும். சாவி வாட்ச்மேனிடம். அலுமினியம் துருப்பிடிக்காது என்றாலும் கீலுக்குள் இருக்கும் முளையும் ஸ்பிரிங்கும் இரும்பு. நம் கடலோர மழைக்காலம் அவற்றைச் சும்மா விடாது. ஆகவே மே மாதக் கடைசியில் ஒரு தடவை, மழை ஓய்ந்ததும் ஒரு தடவை, கீலுக்கு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுகிறோம். படியில் எண்ணெய் பட்டால் உடனே சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துவிட வேண்டும்.